மலை உச்சியில் சொன்ன ‘விடு’

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால்.

இதை எழுத வேண்டும் என்று உட்காருவேன், எழும்பிவிடுவேன். போன வருடத்திலிருந்து இதுதான் நடந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எழுத்து வராது என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். அது பொய்க் காரணம். உண்மைக் காரணம், இந்தக் கதையில் வருகிற மனிதன் இன்னும் மாம்புரிக் கரையில் என் கண்ணுக்கு முன்னால் திரிகிறான் என்பதுதான்.

இந்த வருடம் எங்கள் பக்கத்துக் கழகங்களில் புதிதாக ஓட்டம் பழக்க வந்திருக்கும் தம்பிமாரில் ஒருவர், ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது பள்ளிவாசல் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அண்ணனை ‘நானா’ என்போம்.

“நானா, மலைநாட்டு மரதன் ஓட்டத்துக்கு நம்மட ஆக்களக் கூட்டிக்கொண்டு போறன். மேட்டில எப்பிடி ஓட்டுற? ஒங்கட அனுபவத்தில ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

“மெதுவா ஏறச் சொல்லுங்க, அதைவிட மெதுவா இறங்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சொன்னதில் பிழை இல்லை. ஆனால் கேட்ட பிள்ளைக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை மறைத்துவிட்டேன் என்று மனது குத்திக்கொண்டே இருந்தது. பின்னேரம், நான் சொன்ன அந்த மனிதன் கிளமென்டிடம் போய், எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுதுங்க நானா. ஆனா என்னப் பெரிய மகானாக்கிப் போடாதீங்க. பிறகு கள்ளுக் குடிக்கப் போக ஏலாது” என்றான்.

ஆகவே எழுதுகிறேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நம்முடைய நிலத்தை நீங்கள் அறிவீர்கள். கற்பிட்டியிலிருந்து பாலாவி வரைக்கும் வீதி தட்டையாகக் கிடக்கும். “எங்கட ஊரில ஆக உயரமான எடம் எது தெரியுமா நானா? பள்ளிக்கூடத்துக்கு முன்னால போட்டிரிக்கிற ஸ்பீட் பிரேக்கர்தான்” என்று கிளமென்ட் சொல்வான். மேடு இல்லாத ஊருக்கு அல்லாஹ் காற்றைத் தந்திருக்கிறான். சோளகக் காற்றுத் தொடங்கினால் தென்னை மரமெல்லாம் ஒரே பக்கம் தலையைச் சாய்த்து நிற்கும். தெற்கே பார்த்து ஓடினால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். திரும்பி வடக்கே ஓடினால் யாரோ முதுகில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

அந்தக் காற்றை வைத்துத்தான் நான் ஆட்களைப் பழக்கினேன். அதற்கு இரண்டு சொற்கள் வைத்திருந்தேன். எதிர்க்காற்றில் ‘பிடி’. மூச்சைப் பிடி, அடியைச் சின்னதாக்கு, பலத்தைச் செலவழிக்காதே என்று அர்த்தம். திரும்பியதும் ‘விடு’. தோளை இறக்கு, கையை அவிழ், காலைக் காற்றிடம் கொடுத்துவிடு என்று அர்த்தம். இந்தச் சொற்கள் என்னுடையவை அல்ல. கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றுக்குச் சொல்லுகிற சொற்கள். எங்கள் கழகத்தில் ஓடியவர்களில் பாதிப் பேர் வலைக்காரர்கள் என்பதால், இந்தச் சொல்லைக் கேட்டதும் யோசிக்காமலே அவர்களுடைய உடம்பு செய்துவிடும். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஏனைய கழகங்களில் கோச் ஒரு பக்கம் விளக்கம் சொல்லுவார். எனக்கு ஒரு சொல் போதும்.

இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தேன். “நான் கத்துறதுதான் கடைசிச் சொல். ஏன், எதுக்கு எண்டு ஓடக்குள்ள யோசிக்கப்படாது.” பின்னால் வரப்போகிறதற்காக இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளமென்ட் மாம்புரிக் கரையில் படகு ஓட்டுகிறவன். எங்களிடம் ஓட வந்தபோது கலியாணம் முடித்து ஒரு பிள்ளையும் இருந்தது. ஓட்டம் அவனுக்குப் பொழுதுபோக்கு அல்ல. அவனுடைய அண்ணன் ஒரு சோளகக் காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. படகும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. அன்றிலிருந்து கிளமென்டின் மனைவி றீற்றா, புருஷன் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் விடிய வந்து கரையில் நிற்பாள். மற்றப் பெண்கள் மீன் பார்க்க வருவார்கள். இவள் ஆளைப் பார்க்க வருவாள்.

ஓர் அரச திணைக்களம் தன்னுடைய ஓட்ட அணிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அணியில் சேர்ந்தால் நிரந்தர வேலை. மலைநாட்டில் நடக்கிற அந்த மரதனில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர்களைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வயதெல்லை ஒன்று இருந்தது. கிளமென்டுக்கு அந்த வருடம்தான் கடைசி.

றீற்றா ஒரு நாள் பயிற்சி நடக்கிற இடத்துக்கே வந்து என்னிடம் சொன்னாள்: “நானா, எனக்குக் கப்பு வேணாம், பேப்பரில படம் வேணாம். இவர எப்பிடியாவது கரையில ஒரு வேலைக்கு ஏத்திருங்க. அது போதும்.”

“இன்ஷா அல்லாஹ் தங்கச்சி” என்றேன். அதற்குப் பிறகு ஐந்து நேரத் தொழுகையிலும் அவனுக்காகத் துஆக் கேட்டேன். அவள் அன்னம்மாள் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். இரண்டு பேருடைய மன்றாட்டமும் ஒன்றுதான்.

மேடு பழக்குவதற்கு எங்களுக்கு மணல் மேடுகள்தான் இருந்தன. ஏறுவதற்கு மணல் நல்லது. கால் புதைந்து புதைந்து வரும், தொடை இறுகும். ஆனால் மணலில் இறங்குவது இறக்கமே அல்ல. கால் சறுக்கும், புதையும், உடம்பின் பாரத்தை மணல் வாங்கிக்கொள்ளும். கல் போன்ற தார் வீதியில் இறங்குகிறபோது அந்தப் பாரத்தைத் தொடைதான் வாங்க வேண்டும். இது எனக்குச் சொந்த அறிவால் தெரியாது. சிலாபப் பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள ஐயாதான் சொல்லித் தந்தார். என்னை வாலிப வயதில் ஓட்டிய கோச் அவர். மலைக்குப் போகப்போகிறேன் என்றதும் தன் அரைகுறைத் தமிழில் எச்சரித்தார்.

“ஒங்கட ஆளுக்குக் காத்து நல்லாத் தெரியும். கந்த, அதான் மலை, வேற சாதி. ஏறுறது நெஞ்சு. எறங்குறது தொட. எறங்கக்குள்ள ஹெமின், ஹெமின், மெதுவா. காத்து முதுகில வந்தா சும்மா போகலாம். எறக்கம் முதுகில வந்தா பிறகு கணக்குக் கேக்கும்.”

அதைக் கேட்டுத் திட்டத்தை நான் சரியாகவே போட்டேன். முதல் ஏற்றத்தில் யார் முந்தினாலும் பார்க்காதே, பக்கத்தில் ஓடுகிறவனோடு கதைக்கக்கூடிய மூச்சில் ஏறு. இரண்டாவது ஏற்றத்திலும் அதே மூச்சு. மணிக்கூட்டைப் பார்க்காதே, மேட்டில் மணிக்கூடு பொய் சொல்லும், மூச்சுப் பொய் சொல்லாது. உச்சியில் சந்தோஷப்படாதே. நீளமான இறக்கத்தில் குட்டி அடி வைத்துப் பிடித்துக்கொண்டே வா. கீழே குளத்தைச் சுற்றி வருகிற சமதரை இருக்கிறதே, அதுதான் நம்முடைய ஊர். அங்கே வரும்போது மற்றவர்களுடைய தொடை செத்திருக்கும், உன்னுடையது உயிரோடு இருக்கும்.

கிளமென்ட் கேட்டுவிட்டுச் சிரித்தான். “அப்ப மலை முழுக்க அவங்கட, குளத்தங்கரை மட்டும் எண்ட. சரி நானா, எழுதிக் கையெழுத்துப் போடுவம்.”

இன்றைக்கும் சொல்கிறேன், அந்தத் திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. மலை ஓட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

போட்டி நாளில் நான் வான் வண்டியில் மேலே போய், இரண்டாவது ஏற்றம் முடிகிற வளைவில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன். பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சோளகத்தைப் போலவே ஒரு காற்று, ஆனால் குளிர்ந்த காற்று, ஏறி வருகிறவர்களின் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. கடைக்காரர் வானொலியில் பைலாப் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார்.

முதலில் இரண்டு பேர் போனார்கள். வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, கழுத்து நரம்பு தெறிக்க ஏறினார்கள். மூன்றாவதாகக் கிளமென்ட் வந்தான். அல்ஹம்துலில்லாஹ், வாய் மூடியிருந்தது, அடி சின்னதாக இருந்தது. சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்துகொண்டு வந்தான். அந்த இடத்தைக் காப்பாற்றினாலே போதும். கீழே குளத்தங்கரையில் முன்னால் போன இரண்டு பேரையும் அள்ளிவிடலாம்.

அப்போது பின்னாலிருந்து இராணுவ அணியைச் சேர்ந்த ஒருவன் வந்தான். உச்சியில், சரியாக என் கண்ணுக்கு முன்னால், கிளமென்டை உரசிக்கொண்டு முந்தினான். அவனுக்குத் தொடை ஏற்கனவே நடுங்குவதை நான் கண்டேன். கீழே போகுமுன் விழுந்துவிடுவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் கிளமென்ட் மூன்றிலிருந்து நாலாகிவிட்டான். நான்காம் இடத்துக்கு வேலை இல்லை. அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். என்ன செய்ய, என்று கண்ணாலே கேட்டான்.

அவனைப் போகவிடு, பின்னால் ஓடாதே என்று சொல்ல நினைத்தேன். கத்தினேன்.

“அவன விடு! விடு கிளமென்ட், விடு!”

முதல் சொல்லைக் காற்றுக் கொண்டுபோனதா, பைலாப் பாட்டு விழுங்கியதா, எனக்குத் தெரியாது. கிளமென்ட் சிரித்தான். அவனுடைய தோள் இரண்டும் இறங்கின. கை அவிழ்ந்தது. அந்தத் தோள் இறங்குவதை நான் பார்த்தேன், தம்பிமாரே. ஆலங்குடாச் சந்தியில் திரும்பிக் காற்றுக்கு முதுகைக் கொடுக்கிறபோது எத்தனையோ காலை அந்தத் தோள் அப்படியே இறங்கியிருக்கிறது. பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

இறக்கத்தில் அவன் பறந்தான். நான் வான் வண்டியில் ஏறிப் பின்னாலேயே இறங்கி, வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்தேன். இராணுவக்காரனைத் தாண்டினான். முன்னால் போன இரண்டு பேரையும் தாண்டினான். “ஒங்கட ஆளா? றொக்கட் மாதிரிப் போறானே!” என்று வான் டிரைவர் கை தட்டினார். நான் கோபப்பட்டேன். சொன்னதைக் கேட்கவில்லையே என்று பல்லைக் கடித்தேன். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. முதலாவதாக வந்துவிடுவானோ என்று ஆசை வந்தது. ஐயாவின் வார்த்தை, என்னுடைய திட்டம் எல்லாமே அந்த ஒரு கணத்தில் என் மனதை விட்டுப் போய்விட்டன. ஓடுகிறவனுக்கு மட்டுமல்ல, பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் இறக்கம் மயக்கம் தரும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

குளத்தங்கரைக்கு அவன்தான் முதலில் வந்தான். சமதரையில் கால் பட்டதும் இறக்கம் கணக்குக் கேட்டது. தொடை துள்ளத் தொடங்கியது. வலையில் ஏறிய மீன் துள்ளுகிற மாதிரித் தோலுக்குக் கீழே துள்ளியது. அவன் நின்றான். குனிந்து தொடையைக் கையால் அடித்தான். ஓடினான். திரும்பவும் நின்றான். முன்பு தாண்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டினார்கள். நான் அவனுடைய ஊர் என்று சொன்ன அதே சமதரையில் அவன் பக்கவாட்டாக நடந்தான், நண்டு போல. மூன்றாம் இடம் போனது, ஐந்து போனது, பிறகு நான் எண்ணவில்லை. அவன் ஓட்டத்தை விட்டு விலகவில்லை. நடந்தே முடிவுக் கோட்டைக் கடந்தான்.

அங்கே எங்கள் கழகத்துப் பிள்ளைகள் எல்லாரும் நின்றார்கள். ஏனைய கழகத்தாரும் நின்றார்கள். நான் ஒரு போத்தல் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஏசினேன்.

“காது இரிக்கா ஒனக்கு? நான் என்ன சொன்னன், நீ என்ன செஞ்ச? ஒருத்தன் முந்தினாப் பொறுக்க ஏலாதா? பொஞ்சாதி புள்ளய நெனச்சியா நீ? கடல்ல திரியிறவன்ட புத்தி கடல் மாதிரித்தானே இரிக்கும்!”

அவன் நிலத்தில் குந்தியிருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு எனக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தான். வாயை மூடினான்.

“எண்ட பிழைதான் நானா” என்றான். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை அவன் கடலுக்குப் போனான். ஓட வரவில்லை.

நானோ அந்தக் கதையை எடுத்து வைத்துக்கொண்டேன். புதிதாக யார் ஓட வந்தாலும் சொல்லுவேன். “மாம்புரியில கிளமென்ட் எண்டு ஒருத்தன் இருந்தான். நல்ல கால். ஆனா சொல்லுக் கேக்க மாட்டான். மலை உச்சியில விடு எண்டு கத்தினன், கேக்காமப் பறந்தான், வேலை போச்சு.” பிள்ளைகள் சிரிப்பார்கள். கொஞ்சக் காலத்தில் அவனுடைய பெயரே ஒரு சொலவடை ஆகிவிட்டது. பாதி வழியில் வேகமாக ஓடிப் பிறகு நடக்கிறவனைப் பார்த்து ‘கிளமென்ட் அடிச்சிட்டான்’ என்று சொல்லுவார்கள். குறிஞ்சிப்பிட்டியிலும் சொன்னார்கள், ஆலங்குடாவிலும் சொன்னார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நடந்தது அல்லாஹ்வின் நாட்டம் என்றும் சேர்த்துச் சொல்லிக்கொள்வேன். அதனால் என் மனதுக்கு ஒரு பாரமும் இருக்கவில்லை.

போன வருடம் மக்காவுக்கு உம்றாப் பயணம் போக மனதில் நிய்யத் வைத்தேன். எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பயணத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய், தெரிந்தோ தெரியாமலோ ஏதும் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்போம். அவர்களும் மன்னித்தோம் என்பார்கள். தேத்தண்ணி குடிப்போம், அடுத்த வீட்டுக்குப் போவோம். உண்மையைச் சொன்னால், அதில் பாதி சடங்காகிவிட்டது.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டுக் கிளமென்டின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் எஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். றீற்றா கதிரை கொண்டுவந்து வைத்தாள். நான் வழக்கமான வசனத்தைச் சொன்னேன்.

“எத மன்னிக்க?” என்றான் அவன்.

“தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுகள…”

“அப்பிடிப் பொதுவாச் சொன்னா எப்பிடி நானா? கடைக்கு வந்து, சாமான் தா எண்டு கேக்கிற மாதிரி இரிக்கி. பேரச் சொல்லிக் கேளுங்களேன்.” எண்ணெய்க் கையோடு சிரித்தான்.

குசினிக்குள்ளிருந்து றீற்றாவின் குரல் வந்தது. “அந்த ‘விடு’வக் கேக்கச் சொல்லுங்க.”

“எந்த விடு தங்கச்சி?”

“அத விடு புள்ள” என்றான் கிளமென்ட்.

“விடமாட்டன்.” அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தாள். “இத்தின வருஷமா விட்டுட்டுத்தான் இருந்தன். மகன்ட பள்ளிக்கூடத்திலயும் ‘கிளமென்ட் அடிக்காதடா’ எண்டு சொல்றாங்களாம். அவன் வந்து, அப்பா என்ன அடிச்சவர் எண்டு என்னக் கேக்கிறான். நானா, மலையில நீங்க என்ன சொன்னீங்க?”

“விடு எண்டு சொன்னன்.”

“இவரும் விட்டார்தானே.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. கிளமென்ட் துணியைக் கீழே வைத்தான். எஞ்சினைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்.

“நீங்க பிடி எண்டு சொல்லியிருந்தாப் பிடிச்சிருப்பன் நானா. விடு எண்டு சொன்னீங்க. காத்தும் முதுகில இரிந்திச்சி. திட்டத்த அந்த எடத்தில மாத்திட்டீங்க எண்டு நெனச்சன். மேல நிண்டு பாக்கிற ஆளுக்குத் தெரியும்தானே. ஏன் எண்டு யோசிக்கப்படாது எண்டும் நீங்கதானே சொல்லித் தந்தீங்க.”

தேத்தண்ணியை நான் தொடவில்லை. காலையில் பிள்ளைகளை ஓட்டுகிறபோது நான் போட்ட ஒவ்வொரு ‘விடு’வும் காதுக்குள் வந்தது. உச்சியில் இறங்கிய அந்தத் தோள் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. அத்தின பேருக்கு முன்னால ஏசினேனே. ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே.”

“அத்தின பேருக்கு முன்னால ஏசினதாலதான் சொல்லயில்ல. பின்னால நம்மட புள்ளையள் எல்லாம் நிண்டாங்க. கோச் பிழையாக் கத்தினார் எண்டு நான் சொன்னா, பிறகு ஒங்கட சத்தத்த நம்பி எவன் ஓடுவான்? எனக்குத்தான் வயசு முடிஞ்சு. அவங்களுக்கு முடியல்லையே.” பிறகு வழக்கம் போலச் சிரித்தான். “அதோட எண்ட வாயில மூச்சும் இருக்கயில்ல.”

தம்பிமாரே, நடந்ததெல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாக்கு என்னுடையது. நாட்டத்தைக் காட்டி நாக்கை ஒளித்து வைத்தேன். திட்டம் சரியாக இருந்ததால் என்னில் பிழை இருக்க முடியாது என்று நம்பினேன். அவசரத்தில் வாய்க்கு எது முதலில் வருகிறது என்பதை நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. நீங்கள் மலைக்கு ஆள் கூட்டிப் போகுமுன், ஊரில் வழங்குகிற சொல்லை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மலைக்கென்று வேறு சொல் பழக்குங்கள். உச்சியில் சொல்லுகிற சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்க வேண்டும். ஒருவனை முந்தவிட வேண்டுமென்றால் ‘அவன் போகட்டும்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். மூச்சு வீணாகிறது என்று பார்க்காதீர்கள், ஓடுகிறவன் நீங்கள் இல்லை. இறக்கத்துக்கு ‘மெதுவா’ என்பதைத் தவிர வேறொன்றும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. யோசிக்கக்கூடாது என்று யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். திட்டத்துக்கு மாறாக உங்கள் சத்தம் வந்தால் திட்டத்தையே நம்பு என்று சொல்லிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்று வந்தவனை ஏசுவதற்கு முன்னால், “நான் சொன்னது உனக்கு எப்படிக் கேட்டது?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் குளத்தங்கரையில் கேட்டிருந்தால், வேலை கிடைத்திருக்காது, அது முடிந்த கதை. ஒரு மனிதனுடைய பெயராவது மிஞ்சியிருக்கும்.

அன்று கதிரையிலிருந்து எழும்பி, பொதுவாக அல்ல, பெயர் சொல்லிக் கேட்டேன். பிழையான சொல்லைச் சொன்னதற்கு. ஏசியதற்கு. கடல்காரனின் புத்தி என்று சொன்னதற்கு. அவனுடைய பெயரை ஊரெல்லாம் கொண்டு திரிந்ததற்கு.

“எண்ட பக்கம் முடிஞ்சு நானா. அங்க போய் எனக்கும் ஒரு துஆக் கேளுங்க, எஞ்சின் பழசு” என்றான் கிளமென்ட். பிறகு குசினி வாசலைக் கண்ணால் காட்டினான். “அவகிட்டக் கேளுங்க. ஓடினது நான். நிக்கிறது அவதானே.”

றீற்றாவிடம் கேட்டேன். அவள் ஆறிய தேத்தண்ணியை எடுத்து முற்றத்து ஓரத்தில் ஊற்றினாள். எனக்கு வேறு தேத்தண்ணி போடப் போகிறாள் என்று நினைத்தேன். அங்கேயே நின்றாள்.

“பொய் சொல்லி ஒங்கள அனுப்ப ஏலாது நானா. நீங்க புனிதமான எடத்துக்குப் போறீங்க. இவர் கரைக்கு வாற நாளெல்லாம் மன்னிச்சிருவன். வராத நாளுக்கு என்ன சொல்லுவன் எண்டு எனக்கே தெரியா.”

அந்தப் பதிலைத்தான் கொண்டுபோனேன். கஃபாவைக் கண்டதும் கேட்கிற முதல் துஆ வீண்போகாது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். பிள்ளைகளுக்காகக் கேட்க வேண்டும், கப்றுக் குழிக்காகக் கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்து எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். என் வாயில் முதலில் வந்தது, மாம்புரிக் கரையிலிருந்து போகிற ஒரு பழைய எஞ்சின்.

இப்போது விடிய சுபஹுத் தொழுதுவிட்டு நானும் சில நாட்களில் கரைப் பக்கம் போவேன். றீற்றா நிற்பாள். நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். படகின் முன்பக்கம் தெரிந்து, அதில் அவன் நிற்பதும் தெரிந்த பிறகு, அவள் என் பக்கம் திரும்பி ஒருதரம் தலையை ஆட்டுவாள். அன்றைய நாளுக்கு நான் வீட்டுக்குப் போகலாம்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உங்களிடம் ஓட வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நான் முன்பு சொல்லித் திரிந்ததை அல்ல, இதை. அந்த ஐயாவின் எச்சரிப்பையும், என் வாயில் வந்த சொல்லையும், நான் ஏசியதையும், றீற்றா சொன்னதையும் இருக்கிறபடியே சொல்லுங்கள். என்னில் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், கேட்க நன்றாக இருக்கிறது என்று எதையும் கூட்ட வேண்டாம். யாராவது ‘கிளமென்ட் அடிச்சிட்டான்’ என்று சொன்னால் நிறுத்தி, கிளமென்ட் சொல்லுக் கேட்டு ஓடினவன் என்று சொல்லுங்கள்.